முதுகு சொல்லும் சாட்சி

வேளாண்மை செய்து பழகிய நம்மவர் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத உண்மை ஒன்று உண்டு. கல்லோயா வாய்க்காலில் நீர் வந்து, வட்டை விதானையார் கூட்டம் கூட்டி, திகதி குறித்து விதைத்த வயலிலே, அளவுக்கு மிஞ்சி யூரியாவை அள்ளி வீசினால் நடப்பது யாது? சில நாளைக்குள் பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். வரம்பால் போகிறவன் நின்று பார்ப்பான். பக்கத்து வயற்காரன் பெருமூச்சு விடுவான். ஆனால், தாள் நீண்டு தண்டு மெலிந்த அந்தப் பயிரைத்தான் தத்தியும் நோயும் தேடி வரும். கதிர் கனக்கும் நாளில் ஒரு காற்று அடித்தால், முதலிற் சாய்வதும் அந்தப் பயிர்தான். பச்சையைக் கண்டு பெருமூச்சு விட்டவன், அறுவடையன்று அவ்வயற்காரனுக்காகப் பரிதாபப்படுவான்.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் நெல் அன்று. நெல்லை விளைவித்து நாம் வளர்த்த பிள்ளைகள். உழைப்பால் உரம்பெற வேண்டிய அவர்களது உடலுக்கு, ஊசியாலும் வில்லையாலும் உரமிடும் பழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. கல்முனைக் கரை உலகத்துக்குப் புறம்பானதன்று. ஆகவே, இதைப்பற்றி வெட்கத்தை விட்டுப் பேசவேண்டியது நமது கடமையாகிறது.

மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு மகன் திரும்பி வந்திருக்கிறான். போகும்போது மெலிந்த பையன். வரும்போது தோள் அகன்ற வாலிபன். வந்தபின்னும் மாலையில் தவறாமல் ஜிம்முக்குப் போகிறான். உம்மாவுக்குப் பெருமை. வாப்பா வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கும் பெருமை. மூன்று மாதம் கழிகிறது. மகனின் தோளிலும் முதுகிலும் மார்பிலும் பருக்கள் எழுகின்றன. முதலில் கடுகளவு, பிறகு கடலையளவு, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்த கட்டிகள். சீழ் வடிகிறது, சட்டையின் உட்புறத்தில் இரத்தக் கறை. அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கூட்டாளிமார் கடலிற் குளிக்கப் போனால், சட்டையைக் கழற்றாமல் கரையில் நிற்கிறான். ‘சூடு’ என்று சொல்லி உம்மா இறாலையும் கருவாட்டையும் நிறுத்துகிறார். நன்னாரி அவித்துக் கொடுக்கிறார். வாப்பா பாமசியில் ஏதோ களிம்பு வாங்கிக் கொடுக்கிறார். எல்லோரும் எல்லாம் கேட்கிறார்கள். “மகன், நீ ஏதும் ஊசி போடுகிறாயா?” என்ற ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

அந்த ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பரு ஏன் வருகிறது?

ஆண்மகனின் உடலிலே இயற்கையாகச் சுரக்கும் ஹோர்மோன் டெஸ்டொஸ்டெரோன். குரல் தடிப்பதும், மீசை முளைப்பதும், தசை திரள்வதும் அதன் வேலை. 1935ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அதனைப் பிரித்தெடுத்தும், ஆய்வுகூடத்தில் செய்தும் காட்டினர். அத்துறையிற் பணியாற்றிய பூட்டெனாண்ட், ருசிக்கா என்னும் இருவருக்கும் 1939ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதனை ஒட்டிப் பிற்காலத்தில் இயற்றப்பட்ட செயற்கைப் பொருள்களே, தசை வளர்க்கும் ஸ்டீரொயிட்டுகள். நன்ட்ரொலோன், ஸ்டனொசொலோல், மெத்தாண்டியனோன் முதலியவை அவற்றுட் சில. இவை நோய் தீர்க்கவே பிறந்தவை. ஹோர்மோன் இயல்பாகச் சுரக்காத ஆண்களுக்கும், வேறு சில கடும் நோயாளருக்கும், வைத்தியர் அளந்து கொடுக்கும்போது இவை மருந்துதான். அதனை நாம் மறுக்கவில்லை. அளவின்றி, நோயின்றி, வைத்தியரின்றி ஏற்றும்போதுதான் இவை நஞ்சாகின்றன. உடற்கட்டுக்காக இதனைப் போடுவோர், வைத்தியர் கொடுக்கும் அளவைப்போல் பல மடங்கு ஏற்றிக்கொள்வது வழக்கம். இரண்டு மூன்று வகையை ஒன்றாகக் கலந்து போடுவோரும் உளர்.

நமது தோலுக்குள் எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. முகத்திலும், மார்பிலும், முதுகின் மேற்புறத்திலும் அவை பெரிதாகவும் நெருக்கமாகவும் அமைந்துள்ளன. ஆண் ஹோர்மோனே அவற்றின் எசமான். அது கூடினால் சுரப்பி பருக்கும், எண்ணெய் பெருகும், மயிர்த்துளை அடைபடும். அடைபட்ட துளைக்குள், தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒருவகைப் பக்டீரியா கொழுத்து வளரும். உடல் அதனோடு போரிடும். அந்தப் போரின் வீக்கமே பரு. பதினாறு வயதுப் பையனுக்கு இயற்கையாக வரும் பருவும் இதே வழியில் வருவதுதான். ஆனால், வாய்க்காலில் அளவோடு வரும் தண்ணீருக்கும் அணை உடைந்து வரும் வெள்ளத்துக்கும் வேறுபாடு உண்டன்றோ? இருபத்தைந்து வயது தாண்டிய ஒருவனுக்கு, முன்பு பருவே இல்லாதிருந்தவனுக்கு, சில வாரங்களுக்குள் மார்பும் முதுகும் நிறையக் கட்டிகள் எழுமானால், அது உம்மா சொல்லும் சூடன்று, இறாலும் அன்று. உடலுக்குள் வெளியிலிருந்து வெள்ளம் புகுந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டிய நேரம் அது.

கட்டிகள் ஒன்றோடொன்று உள்ளே துளைத்துச் சேர்ந்து, ஆறினாலும் பள்ளமும் தழும்பும் விட்டுச் செல்லும் கடுமையான வகை ஒன்று உண்டு. அதைவிடக் கொடிய வகையும் ஒன்றுண்டு. பருக்கள் திடீரென வெடித்துப் புண்ணாகி, கருமையான பொருக்குக் கட்டி, காய்ச்சல் எறித்து, மூட்டுகள் வலித்து, நடக்கவும் இயலாமற் செய்வது அது. பெரும்பாலும் இளவயது ஆண்களையே அது தாக்கும். ஸ்டீரொயிட் அதற்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்நிலை வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு பொருள்

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். ‘ஸ்டீரொயிட்’ என்றதும், நம்மவர் பலர் ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் வைத்தியர் தரும் பிரெட்னிசொலோன் வில்லையை எண்ணுவர். அது வேறு இனம். அது தசையை வளர்ப்பதில்லை, வீக்கத்தைத் தணிப்பது. பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டு தீமைகள் விளைகின்றன. முதலாவது, வைத்தியர் முறைப்படி தரும் மருந்தையும் நோயாளி அஞ்சி இடையில் நிறுத்திவிடுகிறார். இரண்டாவது, முதுகுப் பருவுக்கு மருந்தென்று நம்பி, வீக்கம் தணிக்கும் ஸ்டீரொயிட் கலந்த களிம்பைக் கடையில் வாங்கிப் பூசுகிறார்கள். இரண்டு நாள் சிவப்பு அடங்கும். பிறகு தோல் மெலிந்து, அக்களிம்பே புதிய பருக்களைக் கிளப்பும். முகம் வெளுக்கவென்று பெயர் தெரியாத குப்பிகளில் விற்கப்படும் களிம்புகளாற் பெண்பிள்ளைகளின் முகம் பாழாவதும் இவ்வழியில்தான்.

‘நாட்டு மருந்துதானே, அதில் என்ன இருக்கப்போகிறது?’ என்பாருக்கும் ஒரு பாடம் உண்டு. 2011ஆம் ஆண்டில், இலங்கைக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் சோதனையில் பிரெட்னிசொலோன் தென்பட்டது. தோள் நோவுக்கு உட்கொண்ட மூலிகை மருந்தின்வழி அது உடலிற் புகுந்தது என்பதே அவர் தரப்பு விளக்கம். அவருக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. மூலிகை என்று எழுதப்பட்ட குப்பிக்குள் மூலிகை மட்டுமே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தருபவர் யார்? ஜிம்முகளில் கைமாறும் பெயர் தெரியாத ‘புரத மா’ டப்பாக்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

பதக்கம் பறிபோன கதைகள்

இதன் வரலாறு நீண்டது. 1958இல் ‘டயனபோல்’ என்ற பெயரில் மெத்தாண்டியனோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பாரந்தூக்குவோர் அதனைக் கைப்பற்றினர். கிழக்கு ஜேர்மனியில் அரசாங்கமே முன்னின்று விளையாட்டு வீராங்கனைகளுக்கு இவ்வகை வில்லைகளைக் கொடுத்தது. பலருக்கு அது இன்ன மருந்தென்றும் சொல்லப்படவில்லை. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில், நீச்சலில் பெண்களுக்குரிய 13 போட்டிகளுள் 11இல் அந்நாட்டுப் பெண்கள் தங்கம் வென்றனர். தடித்த குரலும், பருப்பட்ட தோலும், பிற்கால நோயும் அவர்களுள் பலருக்கு அந்தத் தங்கத்தோடு சேர்ந்து வந்தன. 1988இல் சோல் நகரில், 100 மீற்றரை 9.79 விநாடியில் ஓடி உலகை வியக்கவைத்த பென் ஜோன்சன், ஸ்டனொசொலோல் அகப்பட்டதால், மூன்றாம் நாளே பதக்கத்தை இழந்து நாடு திரும்பினார்.

தூர தேசத்துக் கதையென்று தள்ளிவிடுவதற்கில்லை. 2010ஆம் ஆண்டில் டெல்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியிலே, மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். 1938ஆம் ஆண்டுக்குப் பின், 72 வருடம் காத்திருந்து இலங்கைக்குக் குத்துச்சண்டையிற் கிடைத்த தங்கம் அது. நாடே கொண்டாடிற்று. சோதனையில் நன்ட்ரொலோன் தென்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது. 72 வருடக் காத்திருப்பு ஒரு சிறுநீர்க் குப்பியில் முடிந்தது.

தமிழ்நாட்டிலும் இது நேர்ந்தது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமமொன்றில், எளிய வேளாண்மைக் குடும்பத்திற் பிறந்து, வறுமையோடு போராடி ஓடிய கோமதி மாரிமுத்து, 2019 ஏப்பிரலில் டோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில் 800 மீற்றர் தங்கம் வென்றபோது, தமிழ் பேசும் மக்கள் எங்கிருந்தாலும் மகிழ்ந்தனர். அவருடைய சோதனையிலும் நன்ட்ரொலோனின் சுவடு தென்பட்டது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். ஆயினும் நான்கு வருடத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளையின் உழைப்பு அனைத்தும் ஒரு பொருளின் சுவட்டால் அழிந்துபோவதைக் காணும்போது, நமக்குக் கோபத்தைவிடத் துயரமே மிகுகிறது.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இவர்களெல்லாம் அகப்பட்டது, இவர்களைச் சோதிக்க ஓர் அமைப்பு இருந்தமையால். பதக்கத்தை இழந்தார்கள், அத்தோடு எச்சரிக்கையும் பெற்றார்கள். எந்தப் போட்டிக்கும் போகாமல், கண்ணாடிக்கு முன் நின்று பார்ப்பதற்காகவும், கலியாண வீட்டிற் சட்டை இறுக்கமாய் நிற்பதற்காகவும் ஊசி போடும் பையனைச் சோதிப்பவர் யார்? அவனுக்கு முதலில் வரும் எச்சரிக்கை அவன் முதுகிலிருந்துதான் வருகிறது. அந்த வகையில் பரு அவனுக்குப் பகைவன் அன்று. வாய்விட்டுக் கத்தும் சாட்சி.

தோலுக்கு உள்ளே நடப்பது

வெளியில் தெரியும் பருவைவிடக் கொடியவை, வெளியில் தெரியாதவை. வெளியிலிருந்து ஆண் ஹோர்மோன் தாராளமாக வந்து கொட்டும்போது, ‘இனி நீ சுரக்க வேண்டாம்’ என்று மூளை விதைகளுக்குக் கட்டளையிடுகிறது. வேலையற்ற விதைகள் சுருங்குகின்றன; விந்தணு குறைகிறது; சிலருக்கு முற்றாக அற்றுப்போகிறது. ஆண்மை பெருகுமென்று போட்ட ஊசி, தகப்பனாகும் ஆற்றலையே பறிக்கிறது! ஊசியை நிறுத்தியபின் பலருக்கு அது திரும்புகிறது. ஆனால் மாதங்கள் ஆகலாம். வருடத்துக்கு மேலும் ஆகலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதேயில்லை.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களிலே, கலியாணம் முடித்து இரண்டு வருடம் பிள்ளை இல்லையென்றால் யாரைப் பார்த்துக் கேட்கிறோம்? மருமகளைத்தான். அவளைத்தான் வைத்தியரிடமும் பரிசாரியிடமும் மாறிமாறிக் கொண்டுபோகிறோம். அவளைத்தான் மாமியாரும் அயலவரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். குற்றம் மாப்பிள்ளையின் ஊசிக் குப்பிக்குள் இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பெண்பிள்ளைக்கு நேரும் அநீதியை எந்தக் களிம்பும் ஆற்றாது.

இன்னும் உண்டு. ஏறிய ஹோர்மோனின் ஒரு பகுதி உடலுக்குள்ளே பெண் ஹோர்மோனாக மாறுவதால், சிலருக்கு மார்பு பெண்மார்புபோல் வீங்குகிறது. நல்ல கொழுப்பு குறைந்து, இதயத்தின் சுவர் தடித்து, இரத்தக் குழாய் அடைபடுகிறது. வில்லையாக உட்கொள்ளும் வகைகள் ஈரலைக் கெடுக்கின்றன. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பள்ளிக்கூடப் பையன் போட்டால், எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்கின்றன. அகலமாக விரும்பியவன் உயரத்தை இழக்கிறான். ஊசியை ஒருவர் மாறி ஒருவர் பாவித்தால், ஈரல் அழற்சியும் எயிட்ஸ் கிருமியும் அதன்வழி வரலாம். போடும் காலத்தில் எரிந்து விழும் கோபம். நிறுத்தியபின் உள்ளம் சோர்ந்து, உயிர்வாழ்வே வெறுக்கும் நிலை. இவையும் வைத்திய உலகம் நன்கறிந்தவை.

டென்மார்க் நாட்டில் ஜிம்முக்குப் போவோரையும் சோதிக்கும் முறை இருக்கிறது. அவ்வாறு சோதித்து ஸ்டீரொயிட் அகப்பட்ட 545 ஆண்களின் பிற்கால உடல்நிலையை, அதே வயதினரான ஏனைய ஆண்களோடு ஒப்பிட்டு 2019இல் ஆய்வொன்று வெளியாயிற்று. ஸ்டீரொயிட் பாவித்தோரிடையே இறப்பு மூன்று மடங்கு. பரு, மார்பு வீக்கம், ஆண்மைத் தளர்ச்சி என்பன ஒவ்வொன்றும் அவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் தாக்கியிருந்தன. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுங்கள். பரு என்பது தனியே வரும் அழகுக் குறையன்று. அதே வெள்ளத்தின் முதல் அலை.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, உலகத்து ஆண்களில் நூற்றுக்கு 6.4 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனைப் பாவித்திருக்கின்றனர். மிக உயர்ந்த விகிதம் காணப்பட்ட பிரதேசம் மத்திய கிழக்கு. நம் கரையின் இளைஞர் உழைக்கப் போகும் இடமும் அதுவே என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

வயற்காரருக்கு ஒரு சொல்

இவ்வகைப் பொருள்களுட் சில மனிதனுக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. போல்டெனோன் என்பது குதிரைகளுக்கென விற்கப்பட்டது. டிரென்போலோன் என்பது, இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள் விரைவிற் கொழுக்கவென்று அமெரிக்காவில் அவற்றின் காதுத் தோலுக்குள் வைக்கப்படுவது. அந்த மாட்டிறைச்சியை உண்பதே தகாதென்று ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. மாட்டுக்கே வேண்டாமென்று ஒரு பெருநிலம் விலக்கிய பொருளை, மனிதப் பிள்ளை தன் தொடையிற் குத்திக்கொள்வதை என்னென்று சொல்வது? உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்கப் போகும் நம் பெரியவர்கள், பல்லைப் பார்த்து, காலைப் பார்த்து, ஊனம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குகிறார்கள். தம் மகனின் முதுகை ஒருமுறை பார்த்தார்களா?

யார் பொறுப்பு?

பையன்களை மட்டும் ஏசிவிட்டுப் போவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். உடலை உரமாக வைத்திருக்க விரும்புவது குற்றமன்று, உயர்ந்த பண்பு. சீனடியும் சிலம்பமும் பயின்று, அண்ணாவியார்மாரின் முன் பணிந்து நின்று உடலை வளர்த்த பரம்பரை நமது. வலை இழுத்தும், மூட்டை தூக்கியும், வரம்பு கட்டியும் உரமேறிய தோள்கள் நம் வாப்பாமாரின் தோள்கள். அந்தத் தோள் வர வருடங்கள் ஆயின. இன்றைய பிள்ளைக்கு மூன்று மாதத்தில் வேண்டுமென்ற அவசரம் எங்கிருந்து வந்தது? கைத்தொலைபேசியில் நாள்தோறும் காணும் வீங்கிய உடல்களிலிருந்து வந்தது. அவ்வுடல்களுக்குப் பின்னால் உள்ள ஊசியை எவரும் படமெடுத்துக் காட்டுவதில்லை.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்வழி விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கும் முகவரகம் அமைந்துள்ளது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்வழி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்துள்ளது. சட்டம் கொழும்பிற் பிறந்துவிட்டது. அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் அது நடந்து வரவேண்டாமா? ஊக்கமருந்தைப் பற்றிய போதனை, நம் பள்ளிக்கூட மைதானங்களிலும் ஜிம்முகளிலும் தமிழிலே நடைபெற வேண்டும். பக்கவிளைவு என்னவென்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டு, குப்பிக்குள் மடித்து வைத்த கடதாசி, நம் வயற்காரனின் மகனுக்கு எச்சரிக்கையாகுமா? தாய்மொழியில் சொல்லாத எச்சரிக்கை, சொல்லாத எச்சரிக்கையே.

ஆகவே, நாம் வேண்டுவது இவை. உள்ளூராட்சி மன்றங்கள் தம் எல்லைக்குள் உள்ள ஜிம்முகளைப் பதிவு செய்து, பயிற்றுநரின் தகைமையைக் கேட்டறிய வேண்டும். ஜிம்முக்குள் மருந்து விற்பது வெளிப்பட்டால் அனுமதி நீங்கவேண்டும். வைத்தியரின் துண்டு இன்றி ஹோர்மோன் ஊசியோ ஸ்டீரொயிட் களிம்போ விற்பதில்லை என்று நம் பாமசி முதலாளிமார் தாமாகவே உறுதி பூணவேண்டும். இலாபம் சிறிது, பழி பெரிது. பள்ளிக்கூடத்தில் பந்தாட்டமும் ஓட்டமும் பயிற்றும் ஆசிரியர்கள், பரிசுக்கு முன் இதனைப் போதிக்க வேண்டும். பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குக் கூடும் இளைஞரிடம், கோயில் முற்றங்களிற் கூடும் இளைஞரிடம், இவ்வுடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதைப் பெரியோர் எடுத்துரைக்க வேண்டும். கல்முனையும் காரைதீவும், சம்மாந்துறையும் பாண்டிருப்பும் இதில் ஒரே குரலாய் நிற்கலாம். பருவுக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை.

தம்பிமாருக்கு

இறுதியாக, முதுகை மறைத்துக்கொண்டு நிற்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை.

தம்பி, உன்னை ஏசுவதற்கு நாம் எழுதவில்லை. கட்டியைக் கிள்ளாதே, அது தழும்பாகும். கடைக்களிம்பு பூசாதே. அயலவன் தந்த அன்டிபயோட்டிக் வில்லையை விழுங்காதே. வைத்தியசாலைக்குப் போ. தோல் வைத்தியரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டு. அத்தோடு, என்ன போட்டாய், எத்தனை நாள் போட்டாய் என்பதையும் மறைக்காமற் சொல். இதில் வெட்கப்பட்டால் உனக்குத்தான் ஆபத்து. கடும் பருவுக்கு வைத்தியர் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் என்ற வில்லை மிகச் சிறந்த மருந்து. ஆனால் அது ஈரலிலும் இரத்தக் கொழுப்பிலும் கை வைக்கக்கூடியது. நீ போடும் ஸ்டீரொயிட்டும் அவ்விடங்களிலேயே கை வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சுமை இரட்டிக்கும். மேலும், காய்ச்சலோடு வரும் அந்தக் கொடிய வகைக்கு, இவ்வில்லையை எடுத்த எடுப்பிலே கொடுத்தால் நோய் மூர்க்கமாவதும் உண்டு. முதலில் வீக்கத்தை அடக்கியபின்தான் சிறிய அளவில் அதைத் தொடங்குவர். இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்க வேண்டிய வைத்தியரிடம் பாதி உண்மையைச் சொன்னால், அவர் தருவதும் பாதி வைத்தியமாகவே இருக்கும். அந்த வில்லை கருவுற்ற பெண்ணின் குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தக்கூடியது. ஆகவே உனக்குத் தந்ததை வீட்டிலுள்ள எவருக்கும் பகிர்ந்துவிடாதே.

ஊசியை நிறுத்து. நிறுத்தும்போது சோர்வு வரும், தசை இறங்கும், ஒன்றிலும் மனம் செல்லாது. அதனையும் வைத்தியரிடம் சொல், அதற்கும் வழியுண்டு. வீட்டாரிடமும் சொல். உன் வாப்பா கோபிப்பார். ஆனால் உன் தோளைவிட உன் உயிர் அவருக்குப் பெரிது. மீனும் முட்டையும் பயறும் பாலும் நம் கரையில் மலிந்துள்ளன, மைதானம் இருக்கிறது, கடல் இருக்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம் உழைத்து வரும் தோள் நிலைத்து நிற்கும்.

அளவோடு உரமிட்ட வயலின் பச்சை, அயலானின் கண்ணைப் பறிக்காமல் இருக்கலாம். அறுவடையன்று களத்துமேட்டில் மூட்டை எண்ணும்போது அதன் பெருமை தெரியும். நம் பிள்ளைகள் சாயாத பயிராக நிற்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். இன்றிரவு வீட்டில், அந்த ஒரு கேள்வியை, கோபமின்றி, கேட்டுவிடுங்கள்.